அந்த ரசீதை யார் அழித்தது? டேட்டாபேஸ் டெலீட்டுகளைப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் உள்ள லாட்ஜ்களுக்கு மென்பொருள் எழுதித் தருபவர்களுக்கு ஒரு போன் கட்டாயம் வரும். "இன்னா தம்பி, 4411 இருக்கு, 4413 இருக்கு, நடுவுல ஒண்ணு எங்க போச்சு?"

இந்தத் தெருக்களின் வியாபாரம் அப்படி. சிஎம்சியில் வைத்தியம் பார்க்க மேற்கு வங்கம், அசாம், வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாளைக்கு என்று அறை எடுப்பார்கள். டெஸ்ட் ரிசல்ட், ஆபரேஷன் தேதி என்று அது மூன்று வாரமாக நீளும். அட்வான்ஸ், நீட்டிப்பு, அறை மாற்றம், மீதி திருப்பித் தருவது என ஒரே ஆளுக்கு ஏழெட்டு ரசீது விழும். நிறைய ரொக்கம். அதில் ஒன்றை சிஸ்டத்திலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டால், அன்றைய கல்லாக் கணக்கு அழகாக ஒத்துப்போகும்.

அழித்தது யார், எப்போது, உள்ளே என்ன இருந்தது என்று டேட்டாபேஸ் தானாகச் சொல்லாது. புதிதாகச் சேர்த்த நேரத்துக்கும் திருத்திய நேரத்துக்கும் ரெக்கார்டிலேயே ஃபீல்டு வைக்கலாம். அழித்த நேரத்தை எழுத அந்த ரெக்கார்டே இருக்காது. எனவே அழிவதற்கு முன்பே வேறொரு இடம் தயாராக இருக்க வேண்டும்.

கீழே உள்ள படிகள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்து எழுதியவை. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன்.

முன்வேலை: எதை அழிக்கவே விடக்கூடாது?

டெலீட்டைப் பதிவு செய்வதற்கு முன்னால், டெலீட் தேவையா என்று பாருங்கள். பாதி டேபிள்களுக்குத் தேவையில்லை.

ரசீதும் பில்லும் அழிக்கும் பொருளே அல்ல. ஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர்ச்சியாக, ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-வது அட்டவணையில் மொத்தம் எத்தனை பில் போட்டோம், எத்தனை ரத்து, மீதி எத்தனை என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஆக, தப்பாகப் போட்ட பில் ‘ரத்து’ என்ற நிலையில் உள்ளேயே இருக்க வேண்டும். திரையில் டெலீட் பட்டனை எடுத்துவிட்டு ரத்து பட்டன் வையுங்கள். ரத்து செய்தவர், நேரம், காரணம் மூன்றையும் கட்டாயமாக்குங்கள். அதோடு ஆப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் லாகினிடமிருந்து அந்த டேபிளின் டெலீட் உரிமையை ‘ரிவோக்’ செய்துவிடுங்கள். பட்டனை மட்டும் ஒளித்து உரிமையை விட்டுவைத்தால், ஏபிஐயைத் தெரிந்த எவரும் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்.

ஊர், தாலுகா மாதிரி நிலையான பட்டியல்களை வைக்கும் மாஸ்டர் டேபிள்களும் அப்படித்தான். 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போயின. வேலூருக்குக் கீழ் இருந்த தாலுகா ரெக்கார்டுகளை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால், பழைய பில்லில் இருக்கும் முகவரிகள் அந்தரத்தில் தொங்கும். இந்த மாதிரி இடத்தில் ‘எப்போது முதல், எப்போது வரை’ என்று இரண்டு தேதி ஃபீல்டு போதும். 1989-ல் வட ஆற்காடு பிரிந்தபோது இந்தத் தலைவலியைக் காகிதப் பதிவேடுகள் சுமந்தன. இப்போது அது நம் தலையில்.

மற்றவற்றுக்கு சாஃப்ட் டெலீட் பலருக்குப் பிடித்த வழி. ‘நீக்கிய நேரம்’ என்று ஒரு ஃபீல்டு வைத்து, அது காலியாக இருந்தால் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. எனக்கு இதில் அரை மனசுதான். ஒவ்வொரு குவெரியிலும் அந்த நிபந்தனையை மறக்காமல் போட வேண்டும். ஒரு ரிப்போர்ட்டில் விட்டுப்போனாலும் செத்த அறைகளுக்கு வாடகை வரும். யுனிக் கட்டுப்பாடும் இடிக்கும்: அழித்த 204-ம் அறையை மறுபடி சேர்க்கப் போனால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று முகத்தில் அடிக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘நீக்கிய நேரம் காலியாக உள்ளவற்றுக்கு மட்டும்’ என்ற பகுதி யுனிக் இண்டெக்ஸ் இதற்குத் தீர்வு. குவெரிக்கு ஒரு வியூ (டேபிள் போலப் படிக்கக்கூடிய, சேமித்து வைத்த குவெரி) போட்டு, ஆப்பை வியூவிலிருந்து மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நிஜமாகவே அழிய வேண்டியவை சில மிஞ்சும்: இரட்டையாக ஏறிய விருந்தினர் பதிவு, வராமல் போன முன்பதிவு, தப்பான அறை ஒதுக்கீடு. அவற்றுக்குத்தான் மீதிப் படிகள்.

படி 1: பதிவு டேபிள்

ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனி ‘பழையது’ டேபிள் வைக்கிறவர்கள் உண்டு. மூல டேபிளில் ஒரு ஃபீல்டு கூடினால் அங்கேயும் கூட்ட வேண்டும், யாரும் கூட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே டேபிள் போதும். அதில் இவை இருக்கட்டும்:

- பதிவு எண், தானாக ஏறுவது
- எந்த ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு), எந்த டேபிள்
- அழிந்த ரெக்கார்டின் பிரைமரி கீ (அதைத் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு), டெக்ஸ்ட் வடிவில்
- அழிந்த ரெக்கார்டு முழுவதும், ஜேசன்பி வடிவில் (ஃபீல்டு பெயரும் மதிப்பும் சேர்ந்தது)
- ஆப்பில் லாகின் செய்திருந்த ஆள்
- டேட்டாபேஸ் லாகின்
- எந்த ஐபி முகவரியிலிருந்து
- ட்ரான்சாக்‌ஷன் எண்
- நேரம், டைம்ஸோனோடு
- காரணம்

ட்ரான்சாக்‌ஷன் எண்ணை வீண் என்று விட்டுவிடாதீர்கள். மொத்தமாக நடக்கும் அல்லது மொத்தமாகக் கைவிடப்படும் கட்டளைகளின் கட்டுக்கு உள்ள எண் அது. ஒரு விருந்தினரை அழித்ததால் கூடவே போன நான்கு முன்பதிவுகளையும் பின்னால் ஒரே கட்டாகச் சேர்த்துப் பார்க்க அதுதான் கயிறு. நேரத்துக்கு ‘நவ்’ போட்டால் ட்ரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம் விழும். அந்த நொடி வேண்டுமென்றால் ‘கிளாக் டைம்ஸ்டாம்ப்’. இந்த டேபிளிலிருந்து மூல டேபிளுக்கு ஃபாரின் கீ (வேறு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் கட்டுப்பாடு) வைக்காதீர்கள். வைத்தால் எதைப் பதிவு செய்ய வந்தோமோ அதையே அழிக்க விடாது.

படி 2: ட்ரிகர்

ட்ரிகர் என்பது டேபிளில் மாற்றம் நடக்கும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் ஃபங்ஷன். ‘டெலீட்’டுக்குப் பின், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஓடும் ட்ரிகர் எழுதுங்கள். உள்ளே ‘ஓல்ட்’ என்ற பெயரில் அழிந்த ரெக்கார்டு முழுசாகக் கிடைக்கும். அதை ‘டு ஜேசன்பி’யில் போட்டால் எத்தனை ஃபீல்டு இருந்தாலும் அப்படியே பெட்டிக்குள் போகும், நாளைக்கு ஃபீல்டு கூடினாலும் ஃபங்ஷனைத் தொட வேண்டாம். டேபிள் பெயரை ‘டிஜி டேபிள் நேம்’ தரும். எனவே ஒரே ஃபங்ஷனை எல்லா டேபிளுக்கும் மாட்டலாம். பிரைமரி கீ ஃபீல்டின் பெயர் மட்டும் டேபிளுக்கு டேபிள் மாறும் என்பதால், அதை ட்ரிகருக்கு ஆர்க்யூமென்டாகக் கொடுத்துவிடுங்கள்.

‘பிஃபோர்’ ட்ரிகராக எழுதினால் ஒரு குழி இருக்கிறது. அது திருப்பித் தர வேண்டியது ‘ஓல்ட்’. இன்சர்ட் ட்ரிகரிலிருந்து காப்பி அடித்து ‘நியூ’ என்று விட்டுவிட்டால், டெலீட்டில் ‘நியூ’ எப்போதும் காலி. காலியைத் திருப்பினால் போஸ்ட்கிரெஸ் டெலீட்டையே சத்தமில்லாமல் ரத்து செய்துவிடும். எரர் வராது, ‘0 ரெக்கார்டு’ என்று மட்டும் காட்டும். ரிசப்ஷனில் இருப்பவர் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார்.

மைஎஸ்க்யூஎல்லில் ரெக்கார்டை மொத்தமாக ஜேசன் ஆக்கும் வசதி ட்ரிகருக்குள் இல்லை. ‘ஜேசன் ஆப்ஜெக்ட்’டில் ஃபீல்டுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். டேபிளை மாற்றும்போதெல்லாம் ட்ரிகரையும் மாற்றுவது மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) பட்டியலில் ஒரு வேலையாக இருக்கட்டும்.

லட்சக்கணக்கில் ஒரே அடியாக அழிக்கும் டேபிள் என்றால் ரெக்கார்டுக்கு ஒரு தடவை ட்ரிகர் ஓடுவது இழுக்கும். 2017-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 10 முதல், அழிந்த எல்லாவற்றையும் ஒரு தற்காலிக டேபிள் போலத் தரும் வசதி இருக்கிறது. ஸ்டேட்மென்டுக்கு ஒரு தடவை ஓடும் ட்ரிகரில் அதை ஒரே இன்சர்ட்டில் தள்ளிவிடலாம். லாட்ஜ் கணக்குக்கு இது தேவைப்படாது.

படி 3: யார்?

பெரும்பாலான பதிவுகள் கோட்டை விடும் இடம் இதுதான். ட்ரிகர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். சிக்கல் வரும் நாளில் திறந்து பார்த்தால் ‘யார்’ என்ற ஃபீல்டு முழுக்க ஒரே பெயர்: ஆப்பின் டேட்டாபேஸ் லாகின். ஓனர், மேனேஜர், ராத்திரி ஷிப்ட் ஆள் எல்லாரும் டேட்டாபேஸின் கண்ணுக்கு ஒரே ஆள்தான். கனெக்‌ஷன் பூல் (திறந்து வைத்த சில இணைப்புகளை எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது) வழியாகப் போகும் எந்த ஆப்பிலும் இதே கதை.

எனவே ஆப்தான் ஆளைச் சொல்ல வேண்டும். ட்ரான்சாக்‌ஷன் தொடங்கியதும் ‘செட் கான்ஃபிக்’ ஃபங்ஷனை அழைத்து, ‘ஆப்’ என்ற முன்னொட்டோடு ஒரு பெயரில் லாகின் ஐடியை வையுங்கள். மூன்றாவது ஆர்க்யூமென்ட் ‘ட்ரூ’ ஆக இருக்கட்டும். அப்போதுதான் அந்த மதிப்பு அந்த ட்ரான்சாக்‌ஷனோடு முடியும். ‘ஃபால்ஸ்’ போட்டால் கனெக்‌ஷனிலேயே ஒட்டிக்கொள்ளும். அதே கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பி அடுத்தவர் கைக்குப் போகும்போது, காலை ஷிப்ட் அழித்ததற்கு ராத்திரி ஷிப்ட் ஆள் பதில் சொல்ல வேண்டிவரும். ஒருவர் வேலை போகக்கூடிய விஷயம் இது. பதிவே இல்லாததைவிடத் தப்பான பெயர் மோசம்.

ட்ரிகர் உள்ளே ‘கரன்ட் செட்டிங்’ கொண்டு அதைப் படியுங்கள். இரண்டாவது ஆர்க்யூமென்டாக ‘ட்ரூ’ கொடுத்தால் மதிப்பு வைக்கப்படாத நேரத்தில் எரர் அடிக்காமல் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) திரும்பும். ஒரு நுணுக்கம்: அந்தக் கனெக்‌ஷனில் ஏற்கெனவே ஒருமுறை வைத்து அது முடிந்திருந்தால், அடுத்த முறை நல் வராது, வெற்று ஸ்ட்ரிங் வரும். ‘நல்லிஃப்’ கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். இல்லையென்றால் ‘ஆள் பெயர் இல்லை’ என்ற சோதனை பாதி நேரம் ஏமாறும்.

பெயர் இல்லாமல் டெலீட் வந்தால் என்ன செய்வது? பணம் தொடர்புள்ள டேபிள்களில் எரர் எழுப்பி மறுத்துவிடுவதே என் வழக்கம். மற்றவற்றில் ‘தெரியாது’ என்று எழுதி விட்டுவிடலாம்.

டேட்டாபேஸ் லாகினுக்கு ‘செஷன் யூசர்’ஐ எடுங்கள். அடுத்த படியில் ஃபங்ஷனை அதன் சொந்தக்காரரின் உரிமையில் ஓடவைக்கப் போகிறோம். அப்போது ‘கரன்ட் யூசர்’ அந்தச் சொந்தக்காரரின் பெயரையே எப்போதும் சொல்லும். மைஎஸ்க்யூஎல் ட்ரிகரிலும் அப்படியே: ‘கரன்ட் யூசர்’ ட்ரிகரை எழுதியவர், ‘யூசர்’ தான் உண்மையில் உள்ளே வந்தவர். அங்கே ட்ரான்சாக்‌ஷனோடு முடியும் மாறி கிடையாது. செஷன் மாறியில்தான் ஆப் ஆளை வைக்க வேண்டும். கனெக்‌ஷனை எடுக்கும்போது வைத்து, திருப்பும்போது மறக்காமல் காலியாக்குங்கள்.

இத்தனையும் செய்த பிறகு ரிசப்ஷனில் போய்ப் பாருங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டில் அட்மின் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கும்; மூன்று ஷிப்டும் அதில்தான். அதைக் கிழித்துப் போட்டு ஆளுக்கொரு லாகின் கொடுக்க ஓனரைச் சம்மதிக்க வைப்பது கோடு எழுதுவதைவிடப் பெரிய வேலை. "அவங்க எல்லாம் நம்ம பசங்கதான் தம்பி" என்பார். நம்ம பசங்க மேல் வீண் பழி விழாமல் இருக்கத்தான் தனி லாகின் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் எடுபடும்.

படி 4: பதிவுக்குப் பூட்டு

ஆப் லாகினே டேபிள்களின் சொந்தக்காரராக இருந்தால் மேலே சொன்னதெல்லாம் அலங்காரம்தான். சொந்தக்காரர் ட்ரிகரை நிறுத்தலாம், ரெக்கார்டை அழிக்கலாம், ட்ரிகரைத் திரும்ப ஓட விடலாம். மைக்ரேஷன் டூல்கள் பலவும் ஆப் லாகினிலேயே டேபிளை உருவாக்குவதால் இது சர்வசாதாரணமாக நடக்கிறது.

சொந்தக்காரராக ஒரு தனி ரோல் வையுங்கள். மைக்ரேஷன் மட்டும் அதில் ஓடட்டும். பதிவு டேபிளில் ஆப் லாகினுக்கு எந்த உரிமையும் வேண்டாம், இன்சர்ட் கூட வேண்டாம். ட்ரிகர் ஃபங்ஷனை ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ ஆக்கினால் அது சொந்தக்காரரின் உரிமையில் எழுதிக்கொள்ளும். அதில் ‘சர்ச் பாத்’தை (டேபிளை எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற வரிசையை) கட்டாயம் குறிப்பிட்டு வையுங்கள், வேறு ஸ்கீமாவில் அதே பெயரில் போலி டேபிள் வைத்துத் திசைதிருப்ப இடம் கொடுக்காமல்.

சூப்பர் யூசரை இது தடுக்காது. அந்த அளவுக்குப் பயம் இருக்கும் இடத்தில் கட்டளைகளை சர்வர் லாகில் எழுதும் ‘பிஜிஆடிட்’ எக்ஸ்டென்ஷனைப் போட்டு, சர்வர் லாகை உடனுக்குடன் வேறொரு மெஷினுக்கு அனுப்புங்கள். அந்த மெஷினின் சாவி வேறு ஆளிடம் இருக்க வேண்டும்.

படி 5: ட்ரிகர் கண்ணுக்குத் தெரியாத அழிவுகள்

ட்ரங்கேட். டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் இந்தக் கட்டளைக்கு டெலீட் ட்ரிகர் ஓடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் ட்ரங்கேட்டுக்கென்றே ஸ்டேட்மென்ட் ட்ரிகர் உண்டு. அதில் எரர் எழுப்பி மறுத்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் அப்படி ட்ரிகர் இல்லை. ஆனால் ட்ரங்கேட் செய்ய ‘ட்ராப்’ உரிமை வேண்டும். அதைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

கேஸ்கேட். இதுதான் ஆட்களைக் கவிழ்ப்பது. விருந்தினரை அழித்தால் அவருடைய முன்பதிவுகளும் தானாக அழியும்படி ஃபாரின் கீ வைத்திருப்போம். போஸ்ட்கிரெஸ்ஸில் முன்பதிவு டேபிளின் ட்ரிகரும் ஒழுங்காக ஓடும். மைஎஸ்க்யூஎல்லில், நீண்டகால ஆதரவுப் பதிப்பான 8.4 வரை, ஓடாது. கேஸ்கேட் வேலையை அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியே உள்ளுக்குள் முடித்துவிடுகிறது. ட்ரிகருக்கும் தெரியாது, பைனரி லாகிலும் (மாற்றங்களை எழுதி வைக்கும் கோப்பு) அந்தக் குழந்தை ரெக்கார்டுகள் இருக்காது. அங்கே கேஸ்கேட்டைக் கைவிட்டு ‘ரிஸ்ட்ரிக்ட்’ (குழந்தை ரெக்கார்டு இருந்தால் தாயை அழிக்க விடாதது) வைத்து, ஆப்பிலேயே முதலில் முன்பதிவு, அப்புறம் விருந்தினர் என்ற வரிசையில் அழியுங்கள்.

பார்ட்டிஷனை (டேபிளின் ஒரு துண்டை) ட்ராப் செய்வதும் ட்ரிகரைத் தொடாது. ‘செஷன் ரெப்ளிகேஷன் ரோல்’ஐ ரெப்ளிகா என்று மாற்றினால் சாதாரண ட்ரிகர்கள் தூங்கிவிடும், ‘எனேபிள் ஆல்வேஸ்’ அல்லது ‘எனேபிள் ரெப்ளிகா’ என்று குறித்தவை மட்டும் ஓடும். எஸ்க்யூலைட் வைத்திருப்பவர்கள் ‘ரிப்ளேஸ்’ கட்டளையைக் கவனியுங்கள்: பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுத்தான் புதியதை வைக்கும், ஆனால் ‘ரிகர்சிவ் ட்ரிகர்ஸ்’ செட்டிங் ஆன் ஆகாமல் டெலீட் ட்ரிகர் ஓடாது.

படி 6: சோதனை

ஒன்றை அழியுங்கள். ஐம்பதை ஒரே கட்டளையில் அழியுங்கள். கேஸ்கேட் போகும் ஒன்றை அழியுங்கள். ஆப் வழியாக அல்லாமல் கன்சோலிலிருந்து நேராக அழியுங்கள். ‘தெரியாது’ என்றோ எரர் என்றோ வர வேண்டும். ட்ரங்கேட் அடித்துப் பாருங்கள். இரண்டு வேறு லாகினில் மாற்றி மாற்றி வேகமாக அழித்து, பெயர் குழம்புகிறதா பாருங்கள். பூல் அளவை 1 என்று வைத்துச் செய்தால் கசிவு உடனே தெரியும்.

அழித்துவிட்டு ரோல்பேக் செய்தால் (முடிக்காமல் கைவிட்டால்) பதிவும் சேர்ந்தே மறையும். அது சரிதான், எதுவும் அழியவில்லையே. முயற்சி செய்ததையும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சர்வர் லாகில் ‘லாக் ஸ்டேட்மென்ட்’ஐ ‘மாட்’ என்று வையுங்கள்.

படி 7: திரும்பக் கொண்டுவருவது

‘ஜேசன்பி பாப்புலேட் ரெக்கார்டு’ என்ற ஃபங்ஷன் பதிவில் உள்ள ஜேசன்பியை மறுபடி அந்த டேபிளின் ரெக்கார்டாக மாற்றித் தரும். அதை இன்சர்ட் செய்தால் வேலை முடிந்தது. ஒரே ட்ரான்சாக்‌ஷன் எண்ணில் பல இருந்தால் தாய் டேபிள் முதலில், குழந்தை டேபிள் பின்னால். ஐடி ஃபீல்டு ‘ஜெனரேட்டட் ஆல்வேஸ்’ வகை என்றால் பழைய எண்ணை ஏற்க ‘ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ’ சேர்க்க வேண்டும். மீட்டபின் பதிவிலிருந்து அந்த வரியை எடுக்காதீர்கள். அழித்ததும் உண்மை, மீட்டதும் உண்மை.

ட்ரிகர் வைக்கும் முன்பே அழிந்துபோனதைத் தேடுகிறவர்களுக்கு வழி குறைவு. மைஎஸ்க்யூஎல் 8-ல் பைனரி லாக் இயல்பாகவே ஆன் ஆகி இருக்கும், 30 நாள் வைத்திருக்கும். ‘மைஎஸ்க்யூஎல்பின்லாக்’ கருவியை வெர்போஸ் நிலையில் ஓட்டினால் அழிந்த ரெக்கார்டின் மதிப்புகள் கிடைக்கும். ஆப்பில் இருந்த ஆள் யார் என்பது கிடைக்காது. போஸ்ட்கிரெஸ்ஸில் பேஸ் பேக்கப்பும் (முழு நகல்) ‘வால்’ ஆர்க்கைவும் (அதன்பின் நடந்த மாற்றங்களின் சேமிப்பு) இருந்தால் அழிவதற்கு முந்தைய நிமிடத்துக்கு வேறொரு சர்வரில் மீட்கலாம். ஆரக்கிளில் பழைய நிலையைப் படிக்கும் ஃப்ளாஷ்பேக் குவெரி உண்டு. ஆனால் அன்டூ (பழைய மதிப்புகள்) வைத்திருக்கும் இயல்பு நேரம் 900 விநாடி, சீக்கிரம் ஓட வேண்டும்.

படி 8: எவ்வளவு காலம், எதை எல்லாம்

பதிவு டேபிளை மாதவாரிப் பார்ட்டிஷன் ஆக்குங்கள். காலம் கடந்த மாதத்தை ட்ராப் செய்வது எளிது. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளுக்கு எழுதுகிறீர்கள் என்றால், அது பிரைவேட் லிமிடெட்டா என்று முதலில் கேளுங்கள். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு காட்டும் எடிட் லாக் கட்டாயம். அதை நிறுத்தும் வசதியே இருக்கக்கூடாது. கணக்குப் புத்தகங்களுக்கு 8 ஆண்டு. தனிநபர் கடைக்கு இந்த விதி வராது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. லாட்ஜ் விருந்தினர் ரெக்கார்டில் பாஸ்போர்ட் எண், போன், கூட வந்த நோயாளியின் பெயர் எல்லாம் இருக்கும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை மக்களுக்குத் தருகிறது. மூல டேபிளில் அழித்துவிட்டு, பதிவு டேபிளில் அதே பாஸ்போர்ட் எண்ணை முழுசாக வைத்திருந்தால் அது அழித்ததாகாது. ஜேசன்பியில் கழித்தல் குறி போட்டு ஃபீல்டு பெயரைக் கொடுத்தால் அது மட்டும் விலகும். ட்ரிகர் ஆர்க்யூமென்டில் ‘இந்த ஃபீல்டுகள் வேண்டாம்’ என்று ஒரு பட்டியல் கொடுத்து, எழுதும் முன்பே எடுத்துவிடுங்கள். அப்படி எடுத்த ஃபீல்டை மீட்க முடியாது என்பதை ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறை எண், தேதி, தொகை, ரசீது எண் இவை இருந்தால் 4412 எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அதற்கு யாருடைய பாஸ்போர்ட்டும் தேவையில்லை.